பதினோரு மணிக் காய்ச்சல்

(திருப்பூரில் குழந்தைகள் காப்பகப் பணியாளர்கள், பெற்றோர், பனியன் நிறுவன உரிமையாளர்கள் கூடிய அரங்கில் குழந்தை நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் அம்மாக்கள் பலரைப் பார்க்கிறேன். இடுப்பில் குழந்தையோடு பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் உட்கார இடம் கொடுங்கள். குழந்தை அழுதால் அழட்டும், யாரும் எழுந்து வெளியே போக வேண்டாம்.

காப்பகத்தில் காலை பதினோரு மணி எப்படி இருக்கும் என்று ஆயாக்களுக்குத் தெரியும். பாட்டு முடிந்திருக்கும். சுண்டலோ சத்துமாவு உருண்டையோ கொடுத்து முடித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் ஒரு குழந்தை விளையாட்டை விட்டுத் தானாக விலகி வந்து சுவரோரம் சாய்ந்து உட்காரும். கூப்பிட்டால் வராது. கண் மினுமினுக்கும். கழுத்தில் கை வைத்தால் சுடும். சட்டைக் காலரைப் பார்த்தால் இளஞ்சிவப்பாக, பிசுபிசுவென்று ஒரு கறை இருக்கும். காலையில் அவசரமாக ஊற்றிய மருந்து வாயோரம் வழிந்து காய்ந்த கறை அது.

பாராசிட்டமால் நாலு முதல் ஆறு மணி நேரம் வரை காய்ச்சலை அடக்கி வைக்கும். ஏழு மணிக்குக் கொடுத்தால் பதினோரு மணிக்கு அதன் பிடி தளரும். எட்டரை மணிக்கு நீங்கள் வாசலில் குழந்தையை வாங்கும்போது நெற்றி குளிர்ந்துதான் இருந்திருக்கும். நீங்கள் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் காய்ச்சல் அடங்கியது, கிருமி அடங்கவில்லை. இடைப்பட்ட இரண்டரை மணி நேரத்தில் அந்தக் குழந்தை எத்தனை பேரோடு பந்து உருட்டியிருக்கும், எத்தனை பொம்மையை வாயில் வைத்திருக்கும்! பத்து நாளில் எந்தெந்தக் குழந்தை படுக்கும் என்பதில் பாதி அங்கேயே முடிவாகியிருக்கும்.

இதற்குப் பதினோரு மணிக் காய்ச்சல் என்று நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் இந்தப் பெயர் கிடையாது. ஆனால் இதைப் பார்க்காத காப்பகமும் கிடையாது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு காப்பகத்துக்கு மாதம் ஒருமுறை குழந்தைகளைப் பார்க்கப் போவேன். இப்படிப் பதினோரு மணிக்குச் சுருண்ட ஒரு பையனின் அம்மாவைத் தையல் லைனிலிருந்து வரவழைத்தோம். கழுத்தில் அளவு டேப்போடு ஓடி வந்தார். எல்லோர் முன்னாலும் கேட்டேன். "ராத்திரியே காய்ச்சல்னு தெரியுமில்ல? தெரிஞ்சும் கொண்டாந்து விட்டா மத்த குழந்தைங்க கதி என்ன?" அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை. "தப்புதானுங்க டாக்டரம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று அவருக்கு நான் கற்றுக்கொடுத்தது சுகாதாரம் என்று நினைத்துக்கொண்டேன். நான் கற்றுக்கொடுத்தது மறைப்பது எப்படி என்பதை. இரண்டு மாதம் கழித்து அதே பையனுக்கு வயிற்றால் போனது. அந்த அம்மா யாரிடமும் சொல்லவில்லை. பையில் கூடுதலாக இரண்டு டவுசர் வைத்து அனுப்பியிருந்தார், அவ்வளவுதான். அந்த வாரம் ஏழு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு பேருக்கு ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. பிறகு ஒரு நாள் அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டபோதுதான் கணக்குச் சொன்னார். பீஸ் ரேட் வேலை. ஒரு நாள் வராவிட்டால் சனிக்கிழமைச் சம்பளத்தில் துண்டு விழும். இரண்டு நாள் வராவிட்டால் அந்த மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். "புள்ளையவும் பாக்கோணும், மிஷினையும் பாக்கோணும், நான் என்ன பண்ணட்டுங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

அதனால்தான் இந்தப் பேச்சைக் கை கழுவுவதிலிருந்து ஆரம்பிக்காமல் இங்கிருந்து ஆரம்பித்தேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்பதைத் தாய் மறைத்தாக வேண்டிய நிலை இருக்கும்வரை, எத்தனை லிட்டர் பினாயில் ஊற்றினாலும் காப்பகத்தில் நோய் நிற்காது.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய வழி இருந்தது. அம்மை போட்ட வீட்டு நிலைப்படியில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்ததும் அக்கம்பக்கத்தார் உள்ளே வர மாட்டார்கள். பால்காரர்கூட வாசலிலேயே ஊற்றிவிட்டுப் போவார். வீட்டில் தாளிக்க மாட்டார்கள், விருந்து வைக்க மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை அந்தக் குழந்தையை வெளியே விட மாட்டார்கள். சின்னம்மைக் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டிக் காயும்வரை, அதாவது பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் வரை, அது அடுத்தவருக்குத் தொற்றும் என்று மருத்துவம் சொல்கிறது. வேப்பிலை நோயைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று டாக்டரிடம் காட்டாமல் வைத்திருந்து நிமோனியாவில் கொண்டுபோய் விட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வேப்பிலையில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. நோய் வந்த வீடு அதை வாசலில் சொல்லிக்கொண்டது. சொன்னதற்காக யாரும் அந்தத் தாயைத் திட்டவில்லை. "அம்மா வந்திருக்கா" என்று மரியாதையோடு ஒதுங்கிப் போனார்கள். எனக்கு அந்த மரியாதை காப்பக வாசலுக்கு வேண்டும்.

ஆயாக்களுக்குச் சொல்கிறேன். காலையில் குழந்தையைக் கைமாற்றும்போது மூன்றே கேள்வி. ராத்திரி நல்லாத் தூங்கினானா? வெளிக்கு எப்படிப் போனான்? மருந்து ஏதும் கொடுத்தீங்களா? மூன்றாவது கேள்விக்கு "ஆமாங்க" என்று பதில் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதுங்கள். அந்த ஒரு வரி எனக்கு ஸ்டெதாஸ்கோப்பைவிடப் பெரிய கருவி.

எப்போது வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். 100.4 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல் அடித்தால். மூன்று தடவை தண்ணீராகப் போனால், இரண்டு தடவை வாந்தி எடுத்தால். காய்ச்சலோடு உடம்பில் தடிப்போ கொப்புளமோ தெரிந்தால். மூச்சு வேகமாக வாங்கி விலா உள்ளே இழுத்தால் வீட்டுக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு. மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால், குழந்தையும் தெளிவாக விளையாடினால், திரும்ப அழைத்து வரலாம். வெறும் மூக்கு ஒழுகலுக்காக யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். சின்னக் குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது இயல்பு, காப்பகத்தில் இன்னும் கூடும். அதற்கெல்லாம் அனுப்பினால் அந்தத் தாய் வேலையை விட வேண்டியதுதான். அதுவும் போக, சளி வெளியே தெரிவதற்கு முன்பே பரவத் தொடங்கிவிடும்.

இனி கைக்கு வருகிறேன்.

ஒரு காப்பகத்தில் அரை நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். இருபத்திரண்டு குழந்தைகள். குழாய்க்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு துண்டு. பச்சைக் கட்டம் போட்ட பருத்தித் துண்டு, காலையில் வெயிலில் காய்ந்து மொடமொடவென்று வந்தது. கை கழுவின குழந்தை அதில் துடைத்தது. மூக்கு ஒழுகின குழந்தைக்கு ஆயா அதில் துடைத்துவிட்டார். பால் கொட்டியதும் அதே துண்டு. கக்கூஸ் போய்வந்த குழந்தைக்கும் அதே துண்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொட்டுப் பார்த்தேன், பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அந்த ஆயா சோம்பேறி இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் சோப்புப் போட்டுத்தான் கழுவினார். கழுவின கையை அந்தத் துண்டில் துடைத்தபோது அவர் பட்ட பாடெல்லாம் வீணாயிற்று.

திருப்பூரில் துணிக்கா பஞ்சம்? கட்டிங் டேபிளுக்குக் கீழே மூட்டை மூட்டையாக பனியன் வேஸ்ட் கிடக்கிறது. சாயம் போடாத வெள்ளைத் துண்டுகளாகப் பொறுக்கி, கைக்குட்டை அளவில் வெட்டி, சோப்பில் அலசி வெயிலில் காயவைத்து ஒரு டப்பாவில் போடுங்கள். ஒரு தடவை துடைத்ததும் வாளிக்குள் போட வேண்டும். சாயங்காலம் மொத்தத்தையும் கொதிநீரில் அலசிக் காயப்போடலாம். இதைச் செய்கிற ஒரு காப்பகம் எனக்குத் தெரியும். ஒரு பைசா செலவில்லை.

சோப்பு விஷயத்திலும் ஒன்று. குழாயடியில் சோப்பு வைத்தால் காக்கை தூக்கிக்கொண்டு போகிறது, மழையில் கரைகிறது, பிள்ளைகள் கையிலிருந்து நழுவ விடுகிறார்கள். அதனால் ஆயா அதை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். அலமாரிக்குள் இருக்கும் சோப்பு யார் கையையும் கழுவாது. பழைய வலைத்துணியில் சோப்பைப் போட்டு முடிந்து, இரண்டு வயதுக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள். அந்த வலையைத் தேய்த்தால் நுரை வரும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, விடச் சொன்னாலும் விட மாட்டார்கள். இருபது நொடி என்று நான் கடிகாரம் காட்டிச் சொல்வதைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

எந்தச் சோப்பு என்று கேட்பீர்கள். கராச்சி நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் நடத்திய ஓர் ஆய்வு 2005இல் லான்செட் இதழில் வந்தது. வீடுகளுக்குச் சோப்பைக் கொடுத்து, கை கழுவும் பழக்கத்தை வாராவாரம் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா பாதியாகக் குறைந்தது. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் வயிற்றுப்போக்கு 53 சதவீதம் குறைந்தது. கிருமிநாசினி கலந்த விலை உயர்ந்த சோப்பு, சாதாரணச் சோப்பைவிட எந்த விதத்திலும் கூடுதலாகப் பயன் தரவில்லை. நிமோனியா நுரையீரலில் வருகிற நோய், அதற்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்போம். குழந்தை கையை எங்கே வைக்கிறது என்று ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் சம்பந்தம் புரிந்துவிடும்.

கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லாக் காப்பக வாசலிலும் சானிடைசர் பாட்டில் வந்துவிட்டது. வாசலில் பெரியவர்களுக்கு அது போதும். ஆனால் காப்பகத்தில் வயிற்றுப்போக்கைக் கிளப்பும் நோரோ வைரஸ், கை கால் வாய் நோயைக் கொண்டுவரும் வைரஸ் இவையெல்லாம் ஆல்கஹாலுக்கு லேசில் மசியாதவை. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் அவற்றைக் கையிலிருந்து கழற்றிக் கொண்டுபோய்விடும். அழுக்குக் கையில் சானிடைசர் தடவினால் அழுக்கு ஈரமாகும், அவ்வளவே. ஓடுகிற தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர்தான் வேண்டும் என்றில்லை. நம் ஊரில் பல தெருக்களில் சில நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது, தெரியும். ஒருவர் மக்கில் ஊற்ற இன்னொருவர் கழுவலாம். ஒரே பேசினில் எல்லாரும் கையை முக்குவதுதான் கூடாது.

தண்ணீர் குடிப்பதும் அப்படித்தான். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கச் சொல்லி வளர்த்த ஊர் இது. எச்சில் என்ற ஒரு சொல்லிலேயே பாதிச் சுகாதாரம் இருக்கிறது. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு அண்ணாந்து குடிக்கத் தெரியாது, புரையேறும். அதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி டம்ளர், அதன் அடியில் ஒரு படம்: கிளி, மாம்பழம், பஸ். எழுத்துத் தெரியாத குழந்தையும் தன் பஸ்ஸை அடையாளம் கண்டுபிடித்துவிடும். குடிநீர்ப் பானைக்குள் டம்ளரையும் விரலையும் சேர்த்து விட்டு மோக்காதீர்கள். நீளப் பிடி போட்ட கரண்டி வையுங்கள், முடிந்தால் குழாய் வைத்த டிரம் வாங்குங்கள்.

தூளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. ஒரு கொக்கி, ஒரு பழைய சேலை. காலை ஒன்பது மணிக்கு ஒரு குழந்தை, பத்தரைக்கு இன்னொன்று, சாப்பிட்ட பிறகு மூன்றாவது. ஒரு குழந்தை எச்சில் வடித்த இடத்தில் அடுத்த குழந்தையின் கன்னம். சிரங்கும் இப்படித்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறுகிறது. கொக்கி பொதுவாக இருக்கட்டும், சேலை பொதுவாக இருக்க வேண்டாம். ஒவ்வொரு அம்மாவும் தான் கட்டிப் பழகிய ஒரு பருத்திச் சேலையைக் கொடுத்து அனுப்பட்டும். வாரக் கடைசியில் வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்துத் தரட்டும். இதைத் தொடங்கிய காப்பகத்தில் ஆயாக்களே கவனித்துச் சொன்னார்கள், குழந்தைகள் சீக்கிரம் தூங்குகின்றன என்று. சேலையில் அம்மா வாசனை இருக்கிறதல்லவா.

சுத்தம் செய்வதில் நம்மிடம் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. பினாயில் வாசனை வந்தால் சுத்தம் என்று நினைக்கிறோம். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுங்கள். அதன் பிறகுதான் பிளீச்சிங் பவுடர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். மலமோ வாந்தியோ அப்படியே கிடக்க அதன் மேல் பவுடரைத் தூவினால், பவுடரின் சக்தி அந்த அழுக்கோடேயே தீர்ந்துவிடும். கரைசலை அன்றன்று கலக்குங்கள். பத்து நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு மட்டும் எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். பொம்மைகளுக்கு இரண்டு கூடை வையுங்கள். வாயில் வைத்த பொம்மை உடனே இரண்டாவது கூடைக்கு. சாயங்காலம் அதை மட்டும் கழுவினால் போதும். பஞ்சு அடைத்த கரடி பொம்மையைக் கழுவிக் காயவைக்க முடியாது என்றால் அது காப்பகத்துக்கு வேண்டாம்.

2022இல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று ஒரு பீதி கிளம்பியது நினைவிருக்கும். கோவை, திருப்பூர் வரை பெற்றோர் பயந்து போனார்கள். புதிதாக ஒரு நோய் வந்துவிட்டது என்று பேச்சு. பரிசோதித்துப் பார்த்தபோது அது நமக்குப் பழக்கமான கை கால் வாய் நோய்தான். உள்ளங்கை, பாதம், வாய்க்குள் எல்லாம் கொப்புளம், இரண்டு மூன்று நாள் காய்ச்சல், பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆனால் குழந்தை குணமாகி வந்த பிறகும் வாரக்கணக்கில் அதன் மலத்தில் அந்த வைரஸ் வெளிவரும். அத்தனை வாரம் எந்தக் குழந்தையையும் வீட்டில் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். டயப்பர் மாற்றிய கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். டயப்பர் மாற்றும் இடமும் சோறு ஊட்டும் இடமும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே ஆயாதான் இரண்டையும் செய்ய வேண்டியிருந்தால் நடுவே சோப்பு வந்தாக வேண்டும்.

தடுப்பூசியைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை, நர்ஸம்மாக்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து தமிழ்நாட்டின் அரசு அட்டவணைக்கு 2017இல் வந்தது, நிமோகாக்கல் ஊசி 2021இல் வந்தது. தட்டம்மை ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு மாதத்துக்கு மேல் இரண்டாவது. எல்லாம் இலவசம். காப்பகத்தில் சேர்க்கும்போதே தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பாருங்கள். ஊசி விடுபட்டிருந்தால் சேர்க்க மறுக்காதீர்கள், அடுத்த புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் குடும்பங்களிடம் அட்டை தொலைந்திருக்கலாம், மொழி தெரியாமல் கேட்கத் தயங்கலாம். அவர்கள் குழந்தையும் அதே பாயில்தான் படுக்கிறது. ஒரு நோய் வந்திருக்கிறது என்று சொல்லும்போது தமிழில் மட்டும் போர்டு எழுதினால் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்கள் மொழியிலேயே யாரையாவது பேசச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள், எந்தக் குழந்தை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆயாக்களைப் பற்றியும் நாம் பேசுவதில்லை. வயிற்றால் போகும் நாளில் சமையல் ஆயா அடுப்படிக்கு வரக் கூடாது என்று சொல்வது எளிது. அவருக்கும் அதே நாள் கூலிக் கணக்குதான். அவரும் மறைக்கத்தான் செய்வார். இரண்டு வாரமாக இருமிக்கொண்டிருக்கும் ஆயாவை, "எங்கே வேலை போய்விடுமோ" என்று பயப்பட வைக்காமல் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அது காசநோயாக இருந்தால் நம் குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் நிறுவன உரிமையாளர்களிடம் பேச வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். நல்ல திருத்தம். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட நாளில் தாயின் கூலி என்ன ஆகும் என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. அந்த வரியை நீங்கள் எழுதலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்னால் அரை நாள் கூலியாவது கொடுங்கள், அவர் மிஷின் அவருக்கே இருக்கும் என்று உறுதி சொல்லுங்கள். காப்பகத்தின் ஓரத்தில் ஜன்னலோடு ஒரு சின்ன அறை, அங்கே ஒரு பாய், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தெர்மாமீட்டர், தாய் வரும்வரை பக்கத்தில் உட்கார ஒரு மாற்று ஆயா. இதற்கு ஆகும் செலவை நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். மறைத்து அனுப்பிய ஒரு குழந்தையால் ஏழு குழந்தை படுத்த அந்த வாரத்தில் ஏழு தாய்மார்கள் லைனில் இல்லை. ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது ஏழு மிஷின் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் திட்டிய அந்தப் பெண்ணிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவர் பையன் இப்போது பெரியவன், கல்லூரியில் படிக்கிறான். போன மாதம் தன் தங்கை குழந்தையோடு என் கிளினிக்குக்கு வந்திருந்தார். உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே சொன்னார், "காலைல ஆறு மணிக்கு மருந்து குடுத்தேனுங்க, அதான் இப்போ சூடு தெரியலைங்க."

வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு டிரம் தண்ணீரும், வலையில் கட்டிய சோப்பும், ஒரு கூடை பனியன் துணியும் வைத்திருக்கிறேன். பிளீச்சிங் பவுடர் அளக்கத் தராசும் இருக்கிறது. கேள்விகளை அங்கேயே கேட்கலாம். ஆயாக்கள் முதலில் வாங்க. குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வாங்க.